சாவியைத் திருப்பினால் சில நேரம் சத்தமே இல்லை: இக்னிஷன் சுவிட்ச் சர்க்யூட்டில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். சாவி போட்டுத் திருப்பும் பழைய கார். சில நாள் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. சில நாள் செல்ஃப் எடுப்பதே இல்லை, ஒரு 'டக்' சத்தம்கூடக் கிடையாது. சாவியைக் கொஞ்சம் ஆட்டினால் எடுத்துக்கொள்கிறது. ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் போர்டு விளக்கெல்லாம் அணைந்து, எஞ்சின் நின்று, மறுபடி தானாகவே உயிர் வந்திருக்கிறது. பேட்டரி மாற்றியாயிற்று, செல்ஃப் மோட்டாரும் மாற்றியாயிற்று. இப்போது இக்னிஷன் சுவிட்சை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாற்ற வேண்டியிருக்கலாம், நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆனால் அளந்து பார்க்காமல் மூன்றாவது பொருளையும் வாங்காதீர்கள். இந்த சர்க்யூட்டில் அளப்பதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரும், இரண்டு ஒயர் பற்றவைத்த ஒரு 12 வோல்ட் பல்பும் போதும்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஓடும்போது எஞ்சின் நிற்பதை 'ஸ்டார்ட்டிங் டிரபிள்' கணக்கில் சேர்க்கக் கூடாது. பவர் ஸ்டீயரிங்கின் உதவி அந்த நொடியே போய்விடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகலாம். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காகத்தான். அந்தக் கார்களின் சுவிட்சில் ஆன் நிலையில் பிடித்து நிறுத்தும் பிடிமானம் பலவீனமாக இருந்தது. கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், சாவி ஏசிசி நிலைக்கு (ரேடியோ போன்றவற்றுக்கு மட்டும் கரண்ட் கிடைக்கும் நிலை) நழுவிவிடும். அந்த விபத்துகளுக்காக அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. ஆகவே சாவிக்கொத்தில் தொங்கும் மற்றதையெல்லாம் இப்போதே கழற்றிவிடுங்கள். கோளாறு பிடிபடும் வரை வேகச் சாலைப் பக்கம் போக வேண்டாம்.

சரி, சர்க்யூட்டுக்கு வருவோம். இக்னிஷன் சுவிட்ச் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு பொருள். சாவி நுழையும் பூட்டு ஒன்று, அதன் பின்னால் இருக்கும் மின் சுவிட்ச் இன்னொன்று. பூட்டின் முனையில் உள்ள ஒரு நாக்கு பின்னாலிருக்கும் சுவிட்சைத் திருப்புகிறது. சில கார்களில் ஒரு நீளக் கம்பி, ஸ்டீயரிங் தண்டில் கீழே உட்கார்ந்திருக்கும் சுவிட்சைத் தள்ளுகிறது. சாவியை ஆட்டினால் எடுக்கிறது என்றால் பூட்டு தேய்ந்து நாக்கு முழுதாகத் திரும்பாமலும் இருக்கலாம், பின்னால் காண்டாக்ட் போயும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் கவரைக் கழற்றினால் மின் சுவிட்சை மட்டும் இரண்டு ஸ்க்ரூவில் பின்னால் எடுக்கலாம். கப்ளர் (ஒயர்களைச் சுவிட்சில் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) மாட்டியபடியே, சாவியை ஆன் நிலையில் வைத்துவிட்டு, எடுத்த சுவிட்சை ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எடுத்தால் மின் சுவிட்சில் குறையில்லை, பூட்டைப் பார்க்க வேண்டும். அப்போதும் தகராறு செய்தால் பூட்டை விட்டுவிடலாம். (கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக் போட்டிருக்கட்டும். இனி வரும் எல்லாச் சோதனைக்கும் இது பொருந்தும்.)

சுவிட்சுக்குள் வருவது, பேட்டரியிலிருந்து ஒரு பெரிய ஃபியூஸ் அல்லது ஃபியூசபிள் லிங்க் (கரண்ட் அளவு மீறினால் உருகி அறும் ஒயர்த் துண்டு) வழியாக எந்நேரமும் உயிரோடிருக்கும் ஒயர். சில கார்களில் இரண்டு. ஐரோப்பியக் கார்களின் வரைபடத்தில் இதற்கு எண் 30. ஆன் நிலையில் உயிர் பெறுவது 15, ஸ்டார்ட் நிலையில் உயிர் பெறுவது 50. ஜப்பானியக் கார்கள் பலவற்றில் உள்ளே வருவதை ஏஎம்1, ஏஎம்2 என்றும், வெளியே போவதை ஏசிசி, ஐஜி1, ஐஜி2, எஸ்டி என்றும் குறிப்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே. ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது ரேடியோவும் ப்ளோயரும் அணைவது கோளாறு அல்ல. செல்ஃப் சுற்றும் நேரத்தில் பேட்டரியை மிச்சப்படுத்த ஏசிசியையும், காரைப் பொறுத்து இன்னும் சிலவற்றையும் சுவிட்சே வெட்டிவிடும். இக்னிஷனுக்குப் போகும் இணைப்பு மட்டும் ஆன், ஸ்டார்ட் இரண்டிலும் இருந்தாக வேண்டும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் வரை எஞ்சின் பற்றிக்கொள்கிறது, விட்டவுடன் அணைகிறது என்று யாராவது சொன்னால், ஸ்டார்ட்டில் இருக்கும் இணைப்பு ஆன் நிலையில் இல்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பாயின்ட் வைத்த மிகப் பழைய வண்டிகளில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் உண்டு. இக்னிஷன் காயிலுக்கு முன்னால் இருக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் (வோல்டேஜைக் குறைக்கும் தடை) அறுந்திருக்கும். செல்ஃப் சுற்றும்போது அதைத் தாண்டி முழு வோல்டேஜும் நேராகப் போவதால் பற்றும், சாவியை விட்டதும் போய்விடும்.

இனி மீட்டரே இல்லாமல் செய்யும் சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பாதிக் கேள்விக்கு இதிலேயே பதில் கிடைத்துவிடும். உள்கூரை விளக்கை எரியவிட்டு சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்புங்கள். அந்த விளக்கு பெரும்பாலான கார்களில் இக்னிஷன் சுவிட்ச் வழியாக வருவதில்லை. செல்ஃப் எடுக்கவில்லை, விளக்கு துளியும் மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டே போகவில்லை. கோளாறு பெரும்பாலும் சுவிட்ச், ரிலே (சிறிய கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இணைக்கும் சுவிட்ச்), நியூட்ரல் சுவிட்ச் (கியரில் இருக்கும்போது செல்ஃப் எடுக்காமல் தடுப்பது), அல்லது இவற்றுக்கு இடைப்பட்ட ஒயரில். விளக்கு நன்றாக மங்குகிறது, செல்ஃப் முனகுகிறது அல்லது 'டக்' என்று ஒரே சத்தம் என்றால் கரண்ட் போகிறது. பேட்டரி பலவீனமா, எர்த் சரியில்லையா, செல்ஃப் இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். விளக்கு அப்படியே அணைந்துபோனால் பேட்டரி டெர்மினலைப் பிடித்துப் பாருங்கள். மேலே பளபளவென்று இருந்தாலும் கிளாம்புக்கும் தூணுக்கும் நடுவே பூத்திருக்கும். 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி, அல்லது பேட்டரி இணைப்பு.

உங்கள் வண்டி ஓடும்போது அணைந்ததற்கும் இதே கணக்குதான். அடுத்த முறை அப்படி ஆனால், பாதுகாப்பாக ஓரம் கட்டும்போதே ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். மீட்டர் போர்டு செத்திருக்கும்போது ஹசார்ட் எரிந்தால் பேட்டரியும் அதன் கேபிள்களும் நன்றாக இருக்கின்றன, பழுது சுவிட்ச் பக்கம். ஹசார்டும் இல்லை, ஹாரனும் இல்லை என்றால் சுவிட்சை மறந்துவிட்டு பேட்டரி கேபிள், பாடி எர்த், மெயின் ஃபியூஸ் பக்கம் போங்கள்.

சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து, அவசரப்படாமல் காதும் கண்ணும் வைத்துப் பாருங்கள். செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் பெரும்பாலும் பின்சீட்டுப் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி 'ஙூம்' என்று ஓடி நிற்கும். சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் எரிய வேண்டும். எல்லாமே இல்லை என்றால் 30, 15 இரண்டுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. மற்றதெல்லாம் எரிந்து செக் எஞ்சின் மட்டும் இல்லை என்றால் எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் ஃபியூஸையும் மெயின் ரிலேயையும் பார்க்க வேண்டும், சுவிட்சை அல்ல. சாவிப் படமோ பூட்டுப் படமோ வேகமாகக் கண் சிமிட்டினால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் கருவி) சாவியை அடையாளம் காணவில்லை. சில கார்களில் இம்மொபிலைசர் செல்ஃபையே எடுக்கவிடாது. சிலவற்றில் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பற்றாது, அல்லது பற்றி இரண்டு நொடியில் அணையும். அங்கே போய் சுவிட்சை மாற்றி என்ன பயன்?

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் பி-யில் எடுக்காதபோது என்-னுக்கு மாற்றித் திருப்பிப் பாருங்கள். அங்கே எடுத்தால் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச்தான் குற்றவாளி. மேனுவலில் கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு சுவிட்ச் இருக்கும் கார்கள் உண்டு. பெடலை முழுதாக, கொஞ்சம் அழுத்தியே மிதித்துப் பாருங்கள்.

இப்போது மீட்டர். முதலில் பேட்டரி. புதிதாக மாற்றியது என்றாலும் அளக்கத்தான் வேண்டும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இது சரியில்லாமல் மேற்கொண்டு எதை அளந்தாலும் ஏமாற்றும்.

அடுத்து சோதனையைச் சர்க்யூட்டின் நடுவிலிருந்து தொடங்குங்கள். ஒரு முனையிலிருந்து ஒயர் ஒயராகப் போனால் பொழுது போய்விடும். நடு இடம் ஸ்டார்ட்டர் ரிலே. இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, ரிலேயின் மேல் விரலை வையுங்கள். விரலில் 'டிக்' என்று தட்டினால் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், இம்மொபிலைசர் மூன்றும் தம் வேலையைச் செய்துவிட்டன. மிச்சம் ரிலேயின் காண்டாக்ட், அதற்குப் பின் உள்ள ஒயர், செல்ஃப். தட்டவில்லை என்றால் ரிலேயைப் பிடுங்கிவிட்டு அடியில் உள்ள சாக்கெட்டில் 85, 86 என்ற இரண்டு கால்களையும் (ரிலேயின் காயிலுக்கானவை) பாருங்கள். ஸ்டார்ட் நிலையில் ஒன்றில் 12 வோல்ட் வர வேண்டும், இன்னொன்று எர்த் ஆக வேண்டும். 12 வோல்ட் வந்து எர்த் வராவிட்டால் சுவிட்சின் மேல் பழி போடாதீர்கள். பல கார்களில் நியூட்ரல் சுவிட்சோ கம்ப்யூட்டரோ கட்டுப்படுத்துவது இந்த எர்த் பக்கத்தைத்தான். ரிலேயையே சந்தேகித்தால், பல கார்களில் அதே எண் போட்ட ஹாரன் ரிலே பக்கத்திலேயே இருக்கும், மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

எல்லா வண்டியிலும் ரிலே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் சுவிட்சிலிருந்து ஒயர் நேராக செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டுக்கு (மோட்டாருக்குப் பெரிய கரண்ட்டை இணைக்கும் காந்தச் சுவிட்ச்) போகும். ரிலேயின் காயில் இழுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான். சொலினாய்டு இழுப்பது அதைப்போலப் பல மடங்கு, முதல் இழுப்பில் பல பத்து ஆம்பியர். அப்படிப்பட்ட வண்டியில் சுவிட்ச் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியமே இல்லை. அதற்கு ஒரு ரிலே சேர்த்துவிட்டால் சுவிட்சுக்கு ஆயுள் கூடும்.

இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சுவிட்சைச் சோதிக்கிறேன் என்று கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஓம் நிலையில் வைத்து, 'பீப்' சத்தம் வந்ததும் 'சுவிட்ச் ஓகே' என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சத்தம் எதையும் நிரூபிக்காது. ஓம் அளக்கும்போது மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். கருகிப்போய் ஒரு ஊசிமுனை அளவு மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் காண்டாக்ட்கூட அதற்குத் தாராளமாக வழிவிடும். மீட்டரின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.2 ஓம், 0.3 ஓம் என்று காட்டும். நாம் தேடுவதோ 0.1 ஓம் அளவிலான கோளாறு. 0.1 ஓம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அதன் வழியே 10 ஆம்பியர் போனால் 1 வோல்ட் அங்கேயே தொலைகிறது, 10 வாட் சூடாக மாறுகிறது. 20 ஆம்பியர் போனால் 2 வோல்ட், 40 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட் என்பதை நினைத்துப் பாருங்கள், சுவிட்சின் பிளாஸ்டிக் ஏன் உருகுகிறது என்பது புரியும்.

எர்த்துக்கும் ஒயருக்கும் நடுவே வெறும் வோல்டேஜ் பார்ப்பதும் இதே போல ஏமாற்றும். டிஜிட்டல் மீட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் கரண்ட் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். சுவிட்சுக்குள் 1,000 ஓம் தடை இருந்தாலும், கப்ளரைக் கழற்றி லோடு இல்லாமல் அளந்தால் மீட்டர் கூச்சமில்லாமல் 12.6 என்று காட்டும். அதே ஒயரில் ஒரு 21 வாட் பல்பை மாட்டுங்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும், கேட்டது கிடைக்காமல் எரியவே எரியாது. டெஸ்ட் லேம்பை நான் இன்னும் கைவிடாததற்குக் காரணம் இதுதான். ஆனால் அந்தப் பல்பை ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர் பக்கமோ கம்ப்யூட்டருக்கு நேராகப் போகும் சிக்னல் ஒயர்கள் பக்கமோ கொண்டுபோகாதீர்கள். அங்கே மீட்டர் மட்டும்தான், ஏர்பேக்கில் அதுவும் வேண்டாம்.

சரியான சோதனை வோல்டேஜ் டிராப். கப்ளரைக் கழற்றக் கூடாது. எல்லாம் மாட்டியபடி, சாவி ஆன் நிலையில், மீட்டர் 20 வோல்ட் டிசி-யில். கப்ளரின் பின்பக்கம், ஒயர் நுழையும் துளை வழியே ஒரு மெல்லிய ஊசியை ஒயரோடு ஒட்டி உள்ளே செலுத்தினால் உலோக டெர்மினலைத் தொடும். ஒயரின் உறையைக் குத்த வேண்டாம், பிறகு அந்தத் துளையிலேயே துரு பிடிக்கும். சிவப்பு முனையை 30-லும் கருப்பு முனையை 15-லும் வையுங்கள். இப்போது ப்ளோயரை முழு வேகத்தில் விடுங்கள், வைப்பரைப் போடுங்கள், பின் கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதையும் போடுங்கள். மீட்டரில் தெரிவது, கரண்ட் போகும்போது சுவிட்சுக்குள் எவ்வளவு வோல்டேஜ் தொலைகிறது என்பது. நல்ல சுவிட்சில் 0.1, 0.2-க்குள் இருக்கும். 0.3-ஐத் தாண்டினால் சந்தேகம். அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் அந்தச் சுவிட்சுக்கு நாள் எண்ணலாம். சாவியைத் தொடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். 0.4-ல் தொடங்கி 0.7, 0.9 என்று மெல்ல ஏறினால் உள்ளே சூடாகிக்கொண்டிருக்கிறது. கப்ளரின் மேல் கை வைத்தாலே தெரியும்.

பேட்டரி வோல்டேஜ் முழுதாக, 12 என்று தெரிந்தால் சாவி ஆன் நிலையில் இருந்தும் காண்டாக்ட் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். 0.00 என்று அசையாமல் நின்றால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். கரண்ட் போகாத ஒயரில் டிராப் இருக்காது. லோடு உண்மையில் ஓடுகிறதா, நீங்கள் ஊசி வைத்த ஒயரில்தான் அந்த லோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளோயர் சுற்றாமலே 0.00 வந்து, 'சுவிட்ச் பிரமாதம்' என்று மூடிவைக்கப்பட்ட வண்டிகள் உண்டு.

செல்ஃப் பக்கத்துக்கும் இதே முறைதான். ரிலே இல்லாத வண்டியில் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தூணிலேயே (கிளாம்பில் அல்ல, தூணில்) வைத்து, கருப்பு முனையைச் சொலினாய்டின் சிறிய ஒயரில் வையுங்கள். எஞ்சின் பற்றாமல் இருக்க பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, செல்ஃபைச் சில நொடிகள் மட்டும் சுற்றவிடுங்கள். மொத்த டிராப் 1 வோல்ட்டுக்குள் இருந்தால் போகட்டும். 2, 3 என்று வந்தால் கருப்பு முனையைப் படிப்படியாகப் பின்னால் கொண்டுவாருங்கள்: நியூட்ரல் சுவிட்சின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இக்னிஷன் சுவிட்சின் 50, பிறகு 30. எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் பழுது உட்கார்ந்திருக்கிறது. ரிலே உள்ள வண்டியில் சொலினாய்டுக்கான கரண்ட் இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் போவதே இல்லை. அங்கே ரிலேயின் 30, 87 கால்களுக்கு (ரிலே காண்டாக்டின் இரு முனைகள்) நடுவே அளக்க வேண்டும். எர்த்துக்கு, பேட்டரியின் நெகட்டிவ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் நடுவே, செல்ஃப் சுற்றும்போது. அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள்.

உங்கள் வண்டியின் தொல்லை, கோளாறு எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது என்பது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் முன்னால் நிறுத்தினால் சமர்த்தாக ஓடும். இதற்கு நான் சொல்லும் வழி மூன்று சிறிய 5 வாட் பல்பு. சுவிட்ச் கப்ளரின் பின்னால் 30-ல் ஒன்று, 15-ல் ஒன்று, ஏசிசியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 1 ஆம்பியர் ஃபியூஸ், மறுமுனை நல்ல எர்த்தில். ஒயர் எதுவும் ஸ்டீயரிங்கிலோ பெடலிலோ சிக்காமல் கட்டி, பல்புகளைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கும்படி வைத்து, வண்டி குறைவான தெருவில் மெதுவாக ஓட்டுங்கள். எஞ்சின் அணையும்போது 30-ன் பல்பு எரிந்து 15-ன் பல்பு அணைந்தால் சுவிட்ச், அல்லது அதன் பூட்டு. 30-ன் பல்பே அணைந்தால் கோளாறு சுவிட்சுக்கு முன்னால்: ஃபியூசபிள் லிங்க், ஃபியூஸ் பெட்டியின் போல்ட், நடுவில் உள்ள கப்ளர். 15, ஏசிசி இரண்டும் ஒன்றாக அணைந்தால் சாவி நழுவுவதையும், உள்ளே வரும் 30-ன் டெர்மினல் சுவிட்சின் காலைச் சரியாகப் பிடிக்காததையும் சேர்த்து யோசியுங்கள். 15 அணைந்து ஏசிசி எரிந்தால், சாவி ஏசிசிக்கு நழுவியதா என்று கண்ணால் பாருங்கள், நழுவவில்லை என்றால் ஆன் நிலைக் காண்டாக்ட்தான். மூன்றும் எரிந்துகொண்டிருக்க எஞ்சின் மட்டும் அணைந்தால் இந்த சர்க்யூட்டை விட்டுவிடலாம். கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப் ரிலே என்று வேறு கதை.

நின்ற இடத்திலேயே செய்யும் ஆட்டல் சோதனையும் இருக்கிறது. அதில் ஒன்றை ஆட்டும்போது இன்னொன்றைத் தொடக் கூடாது. முதலில் ஒயரைத் தொடாமல் சாவியை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் லேசாக அசையுங்கள். அப்புறம் சாவியைத் தொடாமல் கப்ளரை. அப்புறம் ஒவ்வொரு ஒயராக மெல்ல இழுத்துப் பாருங்கள். டெர்மினலுக்குள் ஒயரின் இழைகள் அறுந்து உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த ஒயர் ரப்பர் போல நீளும். கடைசியாக, ஏற்றி இறக்கும் ஸ்டீயரிங் என்றால் அதை மேலும் கீழும் நகர்த்துங்கள். வருடக்கணக்காக ஒரே இடத்தில் மடிந்து மடிந்து அறுந்த ஒயர் அப்போது அகப்படும்.

கப்ளரைக் கழற்றினால் பெரும்பாலும் கண்ணே சொல்லிவிடும். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு துளையைச் சுற்றி மட்டும் காபி நிறத்துக்கு மாறியிருக்கும், அந்தத் துளையின் வாய் கோணியிருக்கும். மற்ற கால்கள் பளபளப்பாக இருக்க, அந்த ஒரு கால் மட்டும் நீலம் பாய்ந்து மங்கியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் மீன் நாற்றம் போல ஒரு கருகல் வாடை. சுவிட்சைப் பிரித்துப் பார்க்க முடிந்தால், உள்ளே பித்தளைத் தகட்டில் காண்டாக்ட் உட்காரும் இடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். போட்ட கிரீஸ் கரியோடு கலந்து கறுப்புக் களிம்பாகி, காண்டாக்ட் நகரும் வழியெங்கும் பூசிக்கிடக்கும். சிலர் இதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுகிறார்கள். சில வாரம் ஓடும். மேல் பூச்சு போய்விட்டதால் முன்னைவிட வேகமாகக் கருகும். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேரத் தேய்க்கலாம், அதற்கு மேல் அதை நம்ப முடியாது. சுவிட்சுக்குள் கருகுவதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். 1996-ல் ஃபோர்டு, சுவிட்சுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும் என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நிறுத்திவைத்த வண்டிகளும் தீப்பிடித்தன, 30-ன் உயிர் எப்போதும் அங்கே இருக்கிறதே.

ஏன் கருகியது என்பதையும் பாருங்கள். கூடுதல் ஹாரன், ஃபாக் லைட், ஆம்ப்ளிஃபயர் என்று பிற்பாடு மாட்டிய ஏதாவது சுவிட்சின் ஒயரிலிருந்து கிளை எடுத்திருக்கிறதா? இருந்தால் அதைப் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே வழியாக மாற்றுங்கள். சுவிட்ச் அந்த ரிலேயின் காயிலை மட்டும் இயக்கினால் போதும். ப்ளோயர் மோட்டார் இறுக்கமாகச் சுற்றி அளவுக்கு மேல் கரண்ட் இழுப்பதும் உண்டு. காரணத்தை விட்டுவிட்டுச் சுவிட்சை மட்டும் மாற்றினால் அடுத்த சுவிட்சுக்கும் இதே கதிதான்.

இதற்கு நேர்மாறான தொல்லையையும் சொல்லிவிடுகிறேன்: சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடுகிறது. காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், மெயின் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது வழி பலருக்குத் தோன்றாது. ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு ஒயர் வழியே இக்னிஷன் பக்கத்துக்குக் கரண்ட் பின்வாசலால் வருவது. சாவி ஆஃப் நிலையில், எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் அந்தச் சிறிய கப்ளரைக் கழற்றுங்கள். எஞ்சின் உடனே நின்றால் சுவிட்ச் நிரபராதி. பட்டன் ஸ்டார்ட் கார்களில் இந்தப் பேச்சே வேறு. அங்கே கரண்ட் சுமக்கும் சுவிட்ச் கிடையாது, பட்டன் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது, கம்ப்யூட்டர் ரிலேக்களை இயக்குகிறது. பிரேக் பெடல் சுவிட்ச், சாவியின் பேட்டரி, ரிலேக்கள் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானால்: பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஏர்பேக்குக்காகக் காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்துவிட்டு ஸ்டீயரிங் கவரில் கை வையுங்கள். பூட்டு நன்றாக இருந்தால் பின்னால் உள்ள மின் சுவிட்ச் மட்டும் போதும். சாவியும் மாறாது, இம்மொபிலைசரையும் தொட வேண்டியதில்லை. பூட்டோடு சேர்த்து முழு செட்டாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். புதுச் சுவிட்சின் நாக்குக் குழி, பழையது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் இருக்கும்படி திருப்பி வைத்துவிட்டு மாட்டுங்கள். வலுக்கட்டாயமாக அழுத்தினால் உள்ளே உடையும். கப்ளரில் காபி நிறத்துக்கு மாறிய துளை இருந்தால் அந்த டெர்மினலையும் ஒயரின் கருகிய நுனியையும் வெட்டிவிட்டுப் புது டெர்மினல் போடுங்கள். சூட்டில் விறைப்பு போன பழைய டெர்மினல் புதுச் சுவிட்சின் காலை இறுக்கிப் பிடிக்காது.

மாட்டி முடித்ததும், கவரை மூடுவதற்கு முன், 30-லும் 15-லும் மறுபடி ஊசியை வைத்து, ப்ளோயரை முழுதாக விட்டு அளவு எடுங்கள். பழைய சுவிட்சில் 0.8 இருந்தது இப்போது 0.1 என்று வந்தால் கவரை மூடலாம். இன்னும் 0.6, 0.7 என்றே நின்றால் ஊசிகளைக் கப்ளரின் பின்னாலிருந்து எடுத்துச் சுவிட்சின் கால்களிலேயே நேராக வைத்துப் பாருங்கள். அங்கே 0.1-தான் என்றால் மிச்ச அரை வோல்ட் கப்ளரின் டெர்மினலில் தொலைகிறது, கழற்றிய சுவிட்சைத் தூக்கி எறிய வேண்டாம்.